கார்பஸ்: பனுவல்தொகை

கணினி வழியாகப் பௌத்த நூல்களை ஆராய்கிறவர்களிடம் ஓயாமல் அடிபடும் சொல் கார்பஸ். ஆய்வுக்கென்று திரட்டி, கணினி படிக்கும்படி எழுத்தாக்கி வைத்த நூல்களின் மொத்தம் அது.

இலத்தீனில் இதற்கு உடல் என்று பொருள். ஹேபியஸ் கார்பஸ் மனுவில் இருப்பதும் இதே சொல்தான். பாலியில் காயம் என்றால் உடல், நிகாயம் என்றால் தொகுதி. புத்தரின் உரைகளைத் திரட்டிய பாலித் தொகுப்பான சுத்த பிடகத்தில் ஐந்து நிகாயங்கள் உண்டு.

இதன் பயனைச் சேலத்திலிருந்தே சொல்லலாம். பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்ட சிலை புத்தர்தான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துண்டான தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் குழைத்து ஒட்டியிருந்தார்கள். சுருள்முடி, உச்சிமுடிச்சு, நீண்ட காதுமடல் ஆகியவற்றை அடையாளமாகக் காட்டிய தொல்லியல் அறிக்கை, நெற்றியில் ஊர்ணம் (புருவங்களுக்கு நடுவேயுள்ள மயிர்ச்சுழி) இல்லை என்றும் குறித்தது.

இந்த அடையாளங்கள் எந்த நூலில் வருகின்றன? ஐந்து நிகாயங்களில் ஒன்றான தீக நிகாயத்தில் வரும் லக்கண சுத்தம் என்ற உரை, மகாபுருஷனின் 32 லட்சணங்களை அடுக்குகிறது. ஊர்ணம் அதில் உண்டு, காது இல்லை. நீண்ட காது வருவது 80 துணைக்குறிகளைச் சொல்லும் வேறு நூல்களில். தீக நிகாயத்தை மட்டும் ஊட்டிய ஏஐயிடம் காதைப் பற்றிக் கேட்டால் கைவிரிக்க வேண்டும். அது கைவிரிக்காமல் சரளமாக ஒரு பொய்யைச் சொல்லிவிடுவதுதான் தொல்லை.

தொகை பெரிதாக இருந்தால் கதையே வேறு. 'ஏவம் மே சுதம்' (இவ்வாறு நான் கேட்டேன்) என்று பாலியில் தொடங்கும் வரி சீனத்திலும் திபெத்தியத்திலும் வேறு ஒலி, வேறு எழுத்து. பழைய தேடுபொறி எழுத்தைத்தான் ஒப்பிடும். இப்போதைய மாதிரிகள் வாக்கியத்தின் பொருளை எண்வரிசையாக்கி, நெருங்கியவற்றைப் பக்கத்தில் வைக்கின்றன. ஹாம்பர்க்கில் வளர்ந்த புத்தாநெக்சஸ், பெர்க்லியின் தர்மமித்ரா போன்றவை ஒத்த பத்திகளைத் தேடித் தருவதால், அறிஞர்கள் ஆயுள் முழுக்கப் புரட்டிக் கண்டுபிடித்த இணைகளை மாணவர் ஒருவர் மாலைக்குள் பார்க்க முடிகிறது. சரிதானா என்று பார்க்க மூலமொழி தெரிந்தாக வேண்டும், அதில் சலுகை இல்லை.

தமிழில் என்ன சொல்வது? தரவகம் என்கிறார்கள், அது எந்தத் தரவுக்கும் பொருந்தும். உரைத்தொகுப்பு என்றால் பௌத்த நூல்களைப் பொறுத்தவரை குழப்பம்தான், அட்டகதைகள் எனப்படும் பாலி விளக்கவுரைகளின் தொகுப்பு என்று எண்ணத் தோன்றும். பனுவல்தொகை என்பதே என் தேர்வு. தொகை எட்டுத்தொகையிலேயே இருக்கிறது. பனுவலுக்கு நூல் என்ற பொருளோடு பஞ்சு என்ற பொருளும் உண்டு. 'பருத்திப் பெண்டின் பனுவல்' என்கிறது புறநானூறு. சேலத்து அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஒத்த பகுதிகளைப் பல மொழிகளில் அருகருகே வைக்கும் பேரலல் கார்பஸ் என்பதை இணைப் பனுவல்தொகை எனலாம். புத்தாநெக்சஸ் கொண்டிருக்கும் பாலி, சமஸ்கிருதம், திபெத்தியம், சீனம் என்ற நான்கில் தமிழ் இல்லை. தமிழ்ப் பௌத்தக் காப்பியங்களில் குண்டலகேசியில் சில பாடல்களே மிச்சம். ஆனால் மணிமேகலை முழுசாக இருக்கிறது. அதன் 29ஆம் காதையிலுள்ள தருக்கப் பகுதி நியாயப்பிரவேசம் என்ற சமஸ்கிருதத் தருக்க நூலோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அந்தச் சமஸ்கிருத நூலைச் சீனத் துறவி சுவான்சாங் 7ஆம் நூற்றாண்டிலேயே சீனத்தில் மொழிபெயர்த்தார். இணைப் பனுவல்தொகையில் தமிழுக்கு இடம் போடுகிறவர்கள் மணிமேகலையின் அந்தக் காதையிலிருந்து தொடங்கலாம்.