கதிரியக்கம் வேறு, கதிரியல் வேறு

மூளை, தண்டுவடப் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் மருத்துவர் நியூரோரேடியாலஜிஸ்ட். அவரை 'நரம்பியல் கதிரியக்க நிபுணர்' என்று எழுதுகிறார்கள். இந்த வாரம் மட்டும் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன். இது தவறு.

சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் 'நியூரான்' என்றால் தசைநாண், வில்நாண். நம் 'நரம்பு' யாழுக்கும் உடம்புக்கும் பொது, அழகான இணை. லத்தீன் 'ரேடியஸ்' சக்கரத்தின் ஆரம், ஒளிக்கதிர். ஆக, ரேடியாலஜி கதிரியல்.

இடையில் 'இயக்கம்' எப்படி நுழைந்தது? அணுக்கரு தானாகச் சிதைந்து கதிரை உமிழ்வதுதான் கதிரியக்கம். 1896-ல் பெக்கரல் யுரேனியத்தில் கண்டது. கதிரியல் துறை பிறந்த எக்ஸ் கதிரோ அதற்கு முந்தைய ஆண்டே ரான்ட்ஜன் கண்டுபிடித்தது. மின்சாரத்தை நிறுத்தினால் எக்ஸ் கதிரும் நின்றுவிடும். எம்ஆர்ஐயில் இருப்பது காந்தமும் ரேடியோ அலையும்தான். கதிரியக்கப் பொருளை உடம்பில் செலுத்திப் படமெடுப்பவர் அணு மருத்துவர். கதிர்வீச்சால் புற்றுக்கட்டியைக் கருக்குபவர் இன்னொருவர். ஒரே சொல்லைப் போட்டு மூவரையும் குழப்பிவிட்டார்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போன என் அத்தை அறைவாசலில் 'கதிரியக்கவியல்' என்ற பலகையைப் பார்த்துவிட்டு, "உடம்புல கதிர் தங்கிடுமாப்பா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பயத்தைக் கொடுத்தது ஒரு மொழிபெயர்ப்பாளரின் அவசரம். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

'ஸ்கேன் எடுப்பவர்' என்பதும் பொருந்தாது. படமெடுப்பவர் தொழில்நுட்பர். நியூரோரேடியாலஜிஸ்டோ மருத்துவப் பட்டம் பெற்று, கதிரியலில் பல ஆண்டு பயின்று, அப்புறம் மூளை, தண்டுவடம், தலை, கழுத்து என்று தனியாகவும் பயின்ற மருத்துவர். பக்கவாதம் வந்தவரின் சிடி படத்தில் ரத்தக்குழாய் ஒன்று மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தால், அது அடைத்து நிற்கும் ரத்தக்கட்டியாக இருக்கலாம் என்று கண்டுகொள்பவர். இவர்களில் கூடுதல் பயிற்சி பெற்ற சிலர், தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி அந்தக் கட்டியை வெளியே எடுக்கவும் செய்கிறார்கள்.

'படிமவியல்' என்கிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. எம்ஆர்ஐயின் காந்தமும் அல்ட்ராசவுண்டின் ஒலியும் அதில் அடங்கும். ஆனால் ரத்தக்கட்டியை எடுக்கும் வேலை அதில் அடங்காது. கதிரியல் என்பது துறையின் பிறப்பைச் சொல்லும் பெயர், அதுவே இருக்கட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. பேச்சில் ரத்தக்குழாயையும் நாம் நரம்பு என்றே சொல்கிறோம், 'நரம்பு ஊசி' என்பதுபோல. அதனால் 'மூளை நரம்புக் கதிரியல் மருத்துவர்' என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனாலும் வாசலில் நிற்பவருக்குப் புரியும்.