ப்ளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாதுங்க

இந்த மாதம் இது மூன்றாவது டெஸ்டர். பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருவர், கிட் வாங்கித் தானே ஈயம் வைத்துச் செய்த, கெபாசிட்டர், டிரான்சிஸ்டர் மாதிரிப் பாகங்களை அளக்கிற காம்பொனென்ட் டெஸ்டரைத் திருப்பூரில் என் மேசைமேல் வைத்தார். டிஸ்ப்ளேயில் வெளிச்சம் இருக்கிறது, எழுத்து வரவில்லை. "கிட்டு டூப்ளிகேட்டுங்ணா" என்றார். திருப்பிப் பார்த்தேன். ஒரு சால்டர்கூடப் பிசகவில்லை, அத்தனை சுத்தம். விசாரித்தால், பவர் டேபிள் தையல் மெஷின் மோட்டாரின் கண்ட்ரோல் பாக்ஸில் கழற்றிய 450 வோல்ட் கெபாசிட்டரை, சார்ஜை இறக்காமல் அப்படியே செருகியிருக்கிறார்.

"ப்ளக்கைப் பிடுங்கிப்போட்டுத்தானுங்ணா கழட்டுனேன், அப்பறம் எப்படீங் கரண்ட் இருக்கும்?"

இருக்கும் தம்பி. பிடித்து வைத்திருப்பதுதானே கெபாசிட்டரின் வேலை! 230 வோல்ட் லைன், டயோடு பிரிட்ஜ் தாண்டியதும் 325 வோல்ட் டிசி. ஓடுகிற போர்டில் அதை லோடு இழுத்துக்கொள்ளும். செத்த போர்டில் இழுக்க ஆளில்லை. நாம் கழற்றுவதோ எப்போதும் செத்த போர்டைத்தான். டெஸ்டரின் மூன்று முனைகளும் நடுவில் ஒரு ரெசிஸ்டர்கூட இல்லாமல் நேராக டெஸ்டரின் மூளையான ஏடிமெகா328 ஐசியின் காலுக்குப் போகின்றன. அது 5 வோல்ட்டில் ஓடுகிற ஐசி. ஐசி போனால் மாற்றலாம். அந்த 325 வோல்ட் உங்கள் இரண்டு கைக்கும் நடுவில் பாய்ந்திருந்தால்?

ஸ்க்ரூடிரைவர் வைத்து ஷார்ட் பண்ணாதீர்கள். பொறி கண்ணில் தெறிக்கும். ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்ப் மாட்டி, இரண்டு வயரையும் கெபாசிட்டர் கால்களில் வையுங்கள். பல்ப் சார்ஜை இறக்கிவிடும். எல்இடி பல்ப் வேண்டாம், அது முழுசாக இறக்காது. பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்துப் பாருங்கள். சும்மா கிடக்கும்போதே சில வோல்ட் மறுபடி ஏறும். அதனால் செருகும் முன் இன்னொரு தடவை இறக்குங்கள்.

புதிதாகக் கிட் செய்கிறவர்கள் 680 ஓம், 470 கே ரெசிஸ்டர்களை வண்ணம் பார்த்து நம்பாமல் அளந்து வையுங்கள். ஐசியைப் பேஸில் மாட்டும் முன், 7-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவில் 5 வோல்ட் வருகிறதா பாருங்கள். முனைகளை ஒன்றுசேர்த்துக் கேலிபிரேஷன் செய்தபின்தான் அளவை நம்பலாம். போர்டில் இருக்கும்போதே பாகத்தை அளக்காதீர்கள். டெஸ்டர் 'நல்லது' என்று காட்டினாலும் அது 5 வோல்ட்டில் சொன்ன பதில். 300 வோல்ட்டில் லீக் ஆகிற மாஸ்ஃபெட்டை (ஸ்விட்ச் மாதிரி வேலை செய்கிற ஒரு வகை டிரான்சிஸ்டர்) அது கண்டுபிடிக்காது.

தம்பியின் டெஸ்டருக்குப் புரோகிராம் ஏற்றிய ஐசி ஒன்று போட்டுக் கொடுத்தேன். காசு வேண்டாம், அந்தக் குண்டு பல்பை முதலில் வாங்கிடு கண்ணு என்றேன்.