கார் என்ஜின் பறக்கும்போது எங்கே இடிக்கிறது?

"கார் என்ஜின் இரண்டு லட்சம் கிலோமீட்டர் சளைக்காமல் ஓடுகிறது. வீட்டிலேயே குட்டி விமானம் கட்டுகிறவர்கள் அதைப் பொருத்தினால் மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். என்ஜினைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்கும் விமானத்தை இழுக்கும் விசிறியான புரொப்பல்லருக்கும் இடையே உள்ள அரையடியில்தான் சங்கதி இருக்கிறது.

1929-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர், ஃபோர்டு மாடல் ஏ காரின் என்ஜினை வைத்துக் கட்டிய விமானத்தில் பறந்தார். அந்த என்ஜின் தன் 40 குதிரைத்திறனையும் நிமிடத்துக்கு 2,200 சுற்றிலேயே கொடுத்துவிடும். புரொப்பல்லரை நேராக என்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டில் மாட்டிவிடலாம். இன்றைய கார் என்ஜின்கள் பலவும் முழுத்திறனைக் காட்ட 5,500 சுற்றாவது போக வேண்டும். 1.8 மீட்டர் புரொப்பல்லரை அந்த வேகத்தில் சுற்றினால் நுனி நொடிக்கு 500 மீட்டரைத் தாண்டும். ஒலியே சுமார் 340-தான். காது கிழியும், விமானத்தை முன்னே இழுக்கும் விசை படுத்துவிடும். அதனால் நடுவில் வேகம் குறைக்கும் கியர்பெட்டி.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். நாலு சிலிண்டர் என்ஜின், சிலிண்டருக்குள் எரிபொருள் வெடிக்கும்போதெல்லாம் ஓர் உதையாக, சுற்றுக்கு இரண்டு உதை வாங்கி ஓடுகிறது. உதைக்கும் உதைக்கும் நடுவே, சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் நேரத்தில், தண்டு பின்னோக்கிக்கூட இழுபடும். ஆக ஒவ்வொரு கியர் பல்லுக்கும் முன்பக்கம் ஓர் அடி, பின்பக்கம் ஓர் அடி. அந்தப் பக்கம் கனத்த புரொப்பல்லர், இந்தப் பக்கம் என்ஜின், நடுவில் எஃகுத் தண்டு. எஃகும் கொஞ்சம் முறுகும், விட்டால் திரும்பும். அந்த முறுகலுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு, அதாவது தானாக நொடிக்கு எத்தனை முறை முறுகித் திரும்பும் என்ற கணக்கு. அது 100 ஹெர்ட்ஸ், நொடிக்கு 100 முறை, என்று வையுங்கள். 3,000 சுற்றில் உதையும் நொடிக்குச் சரியாக 100! ஊஞ்சல் பாடம் எல்லோரும் படித்ததுதான்: அதன் தாளத்துக்கே தள்ளத் தள்ள வீச்சு ஏறிக்கொண்டே போகும். அதுதான் ஒத்ததிர்வு. வெளியே எதுவும் தெரியாமலேகூட, உள்ளே முறுக்கு பல மடங்கு ஏறிப் பல் உதிரும், தண்டு முறியும்.

காரில் இந்த உதைகளை என்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரமும், கிளட்ச் தட்டில் உள்ள குட்டி ஸ்பிரிங்குகளும், கடைசியில் ரப்பர் டயரும் விழுங்கிவிடுகின்றன. எடை குறைக்கிறேன் என்று விமானக்காரர் முதலில் கழற்றிப் போடுவது எவற்றைத் தெரியுமா? ஃப்ளைவீலையும் கிளட்சையும்தான்.

இன்னொரு வேடிக்கை: ஃப்ளைவீலையோ புரொப்பல்லரையோ மாற்றினால் அந்த அதிர்வெண்ணும் நகர்ந்துவிடும். நண்பனிடம் நன்றாக ஓடிய அதே கியர்பெட்டி இவரிடம் உடையும். "இதுக்கு ராசியில்லை" என்பார்கள். ராசியெல்லாம் கிடையாது, தண்டில் முறுக்கை அளக்கும் உணரியை ஒட்டி ஒரு மணி நேரம் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பளபளக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொட்டுகிற பணத்தில் ஒரு துளி இந்த மாதிரி அலுப்பூட்டும் அளவீடுகளுக்கும் போகலாம் என்பது என் ஆசை.

தண்டைத் தடிமனாக்கினால் சரியாகிவிடும் என்றுதான் கை முதலில் போகும். தடிமனானால் அதிர்வெண் ஏறும். ஏறி, பறக்கும் வேகத்துக்கு நடுவிலேயே வந்து உட்கார்ந்தாலும் உட்காரும். பலர் கைக்கொள்ளும் வழி இதற்கு நேரெதிர்: நடுவில் ரப்பர் இணைப்பு ஒன்றை வைத்துத் தளர்த்துவது. அதிர்வெண் 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால், ஒத்ததிர்வு 600 சுற்றில்தான் வரும். விமானம் சும்மா நிற்கும்போதே என்ஜின் அதற்கு மேலே ஓடும்படி வைத்துவிடுவார்கள். கிளப்பும்போதும் அணைக்கும்போதும் மட்டும் அந்த 600-ஐக் கடந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் விமானம் மூக்கிலிருந்து வால் வரை ஒரு முறை உதறும்.