காங்கோவின் மழையும் சகாராவின் வறட்சியும்

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆப்பிரிக்காவின் நடுவில் காங்கோ காடு. அதற்கு வடக்கே சகாரா, தெற்கே கலகாரி. இரண்டு பக்கமும் பாலைவனம், நடுவில் மட்டும் காடு. ஏன் சார்?"

அருமையான கேள்வி. நிலநடுக்கோட்டில் வெயில் நேராக விழுகிறது, ஈரக்காற்று சூடாகி மேலெழுகிறது, குளிர்ந்து மழையாகிறது. இதெல்லாம் பாடத்தில் இருப்பதுதான். காங்கோ படுகையின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் மழை. அதனால்தான் அங்கே பசுமை மாறாக் காடு.

மழையைக் கொட்டிய பிறகு அந்தக் காற்று எங்கே போகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஏறக்குறைய 15 கிலோமீட்டர் ஏறியதும் அதற்குமேல் போக முடியாமல் வடக்கும் தெற்குமாகப் பிரிகிறது. 20 முதல் 30 டிகிரி அட்சரேகைகளில் மெல்லக் கீழிறங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அமுக்கினால் காற்று சூடாகும். வானத்தில் பம்பு கிடையாது, மேலே இருக்கும் காற்றின் எடையே அமுக்குகிறது. உலர்ந்த காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால், அந்த அமுக்கத்தால் மட்டுமே சுமார் 10 டிகிரி சூடேறும்! ஈரத்தை ஏற்கெனவே காங்கோவில் விட்டாயிற்று. சூடேறச் சூடேற மேகம் திரளும் வாய்ப்பும் போய்விடுகிறது. காங்கோவை நனைத்த அதே சுழற்சிதான் சகாராவைக் காயப்போடுகிறது. 1735-இல் இப்படியொரு சுழற்சியை முன்வைத்த ஜார்ஜ் ஹாட்லி தொழிலால் வழக்கறிஞர். அவர் தேடியது, நிலநடுக்கோட்டை நோக்கி ஓயாமல் வீசும் வணிகக் காற்றுக்கான காரணத்தை.

நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த மழைப்பட்டை சூரியனோடு வடக்கும் தெற்குமாக நகரும். அது வந்து போகும் இடங்களில் சில மாதம் மழை, சில மாதம் வறட்சி. அங்கே புல்லும் இடையிடையே மரமுமாகச் சவானா.

சரி, சிரபுஞ்சியும் 25 டிகிரியில்தானே இருக்கிறது? அங்கே கோடையில் பருவக்காற்று வங்கக்கடலின் ஈரத்தோடு வந்து மேகாலயாவின் காசி மலையில் மோதி ஏறுகிறது. இறங்கும் காற்றுக்கு அங்கே இடமில்லை.

எனக்கு ஓர் ஆதங்கம். இவ்வளவு பெரிய காங்கோ படுகையில் மழையை அளக்கும் நிலையங்கள் மிகக் குறைவு. அவற்றை அமைத்துப் பராமரிக்கப் பணக்கார நாடுகள் தாராளமாகப் பணம் தரவேண்டும். ஏனென்றால் மழைக்கும் வறட்சிக்கும் இடையிலான இந்த எல்லைகள் நிலையானவை அல்ல. பூமி பம்பரம்போலத் தலையசைப்பதால், சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடகோளத்தின் கோடை வெயில் இன்றைவிடக் கடுமையாக இருந்தது. மழை இன்னும் வடக்கே ஏறியது. அன்றைய சகாராவில் ஏரிகள் இருந்தன. நீர்யானைகளின் எலும்புகள் இன்றும் அந்த மணலில் கிடைக்கின்றன.