கேரவனைத் தின்னும் ஈரம்

சென்னையில் கேரவன் என்றதும் வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஷூட்டிங் நடக்கும் தெருவில் நிற்கிற பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். இப்போது குடும்பத்தோடு ஊர் சுற்றவும் வாடகைக்கு எடுக்கிறார்கள், சிலர் வேனை வாங்கி அதிலேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை என்று கட்டிக்கொள்கிறார்கள். யார் வண்டியாக இருந்தாலும் இந்த ஊரில் அதை அதிகம் கெடுப்பது காயாமல் தங்கிவிடும் ஈரம்தான். தூசியும் சேறும் கண்ணுக்குத் தெரியும், கழுவிவிடுவோம். ஈரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் பராமரிப்பே சரியாக நடக்கும்.

ஈ.சி.ஆரில் கோவளம் பக்கம் ஓர் இரவு வண்டியை நிறுத்திவிட்டு, காலையில் கண்ணாடியை விரலால் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுவென்று இருக்கும். அது கடல் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடல் உப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் காற்று அந்த அளவுக்கு வறண்டு போவது அபூர்வம், அதனால் ஒரு சொட்டு மழை பெய்யாத நாளில்கூட வண்டியின் அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் உப்பு ஈரமாகவே இருந்து இரும்பை அரித்துக்கொண்டிருக்கும். துருப்பிடிப்பது ஒரு மின்வேதி வினை, உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வினை வேகமெடுக்கிறது.

ஜன்னல் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். தகடு அலுமினியம், ஸ்க்ரூ ஸ்டீல் என்றால், ஸ்க்ரூ தலையைச் சுற்றி பெயிண்ட் கொப்புளம்போல உப்பியிருக்கும், நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பு நீர் நின்றால் அது ஒரு குட்டி பேட்டரிதான். அதில் எலக்ட்ரானை இழப்பது அலுமினியம், அதனால் ஸ்க்ரூ பளபளவென்று இருக்க, தகடுதான் கரையும். நைலான் வாஷர் போட்டு, ஓரத்தில் சிலிக்கான் சீலன்ட் வைத்தால் இரண்டும் தொடாது, நீரும் உள்ளே போகாது.

கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே கழுவிவிடுவது நல்லது, அதுவும் அடிப்பாகத்தை முதலில். பிரஷர் பைப்பை ஜன்னல் ரப்பரிலும் காற்றுத் துவாரங்களிலும் நேராகப் பீய்ச்ச வேண்டாம், மழையே நுழையாத இடத்தில் அது நுழைந்துவிடும். நம் ஊர் போர் தண்ணீர் பல இடங்களில் கால்சியம் கலந்த கடின நீர், உச்சி வெயிலில் கழுவினால் நீர் ஆவியாகிப் போய், கால்சியம் மட்டும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். நிழலில் கழுவி உடனே துணியால் துடைத்துவிடுங்கள். ஏற்கெனவே விழுந்த புள்ளிக்கு நீர் கலந்த வினிகர் போதும், அதிலுள்ள அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துவிடும். துடைத்த கையோடு நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிட வேண்டும்.

சரி, உள்ளே போவோம். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் காற்று சுமார் 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகப் படிய ஆரம்பித்துவிடும். நாம் ஏசியை 22-ல் வைத்துவிட்டு, கதவை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடுகிறோம்! உள்ளே வரும் வெளிக்காற்று குளிர்ந்த சுவரிலும், அலமாரியின் பின்பக்கப் பிளைவுட்டிலும், மெத்தைக்கு அடியிலும் வியர்க்கும். அடுப்பும் சும்மா இருப்பதில்லை, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கும் மேல் நீராவி வரும், ஏனென்றால் கேஸிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. சில நாள் இப்படியே மூடிக் கிடந்தால் பூஞ்சை வந்து, கதவைத் திறந்ததும் அந்த முடை நாற்றம் மூக்கில் அடிக்கும். சமைக்கும்போது கூரை ஃபேனை ஓடவிடுங்கள், ஏசியை நிறுத்தியதும் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஏசி காயிலில் தேங்கிய நீர் திரும்ப அறைக்குள்ளேயே ஆவியாகும். அப்புறம் மெத்தையைச் சுவரில் நிமிர்த்தி வையுங்கள்.

கழிவு டேங்க்கில் மட்டும் கதை தலைகீழ், அங்கே நீர் குறைந்தால்தான் தொல்லை. வால்வைத் திறந்தே வைத்திருந்தால் நீர் மட்டும் ஓடிப் போகும், திடக்கழிவு அடியில் மேடாக இறுகிவிடும். முக்கால்வாசி நிரம்பும்வரை மூடி வைத்து, செப்டிக் டேங்க் இணைப்புள்ள இடத்தில் ஒரே மூச்சாகத் திறந்துவிட்டால்தான் எல்லாம் சேர்ந்து அடித்துக்கொண்டு போகும். மழைநீர் வடிகாலில் தயவுசெய்து விடாதீர்கள், அது நேரே அடையாற்றுக்கோ கூவத்துக்கோ போய்விடும்.

நாற்றம் தாங்காமல் சிலர் ஆசிட்டை ஊற்றி, போதாதென்று பிளீச்சிங் பவுடரையும் போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அவ்வளவு சின்னக் கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து. வண்டியைச் சுத்தம் செய்யும் பையனிடம் இரண்டு டப்பாவையும் ஒன்றாகக் கொடுத்து அனுப்பவே கூடாது. தெரியாமல் கலந்துவிட்டால் கதவைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், நெடி முழுக்கப் போகும்வரை திரும்ப உள்ளே நுழைய வேண்டாம், யாருக்காவது மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.