வாக்கி-டாக்கி எந்தத் திசையிலிருந்து பேசுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஜாகா (காவலாளி) 477 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கியில் மண்டோரை (மேற்பார்வையாளரை) கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை நான்கு ஆண்டெனாக்களால் கண்டுபிடிக்கலாம்.

அலைநீளம் சுமார் 63 செ.மீ. அதில் பாதியான 31.4 செ.மீ. இடைவெளியில் ஆண்டெனாக்களை நேர்வரிசையில் நிறுத்த வேண்டும். நேர் எதிரேயிருந்து வரும் அலை நான்கையும் ஒன்றாகத் தொடும். 30 டிகிரி சாய்ந்து வந்தால், ஒவ்வொரு அடுத்த ஆண்டெனாவுக்கும் 15.7 செ.மீ. கூடுதல் ஓட்டம், அதாவது கால் அலை. ஒரு முழு அலையை 360 டிகிரி என்று வைத்தால், இது 90 டிகிரி கட்ட (phase) வேறுபாடு. இந்த வேறுபாட்டிலிருந்துதான் திசையைக் கணக்கிடுகிறோம். இடைவெளி அரை அலையைத் தாண்டினால் இரண்டு திசைகள் ஒரே மாதிரி தெரியத் தொடங்கும்.

எல்லாம் ஒழுங்காக இருந்தால், திசை கண்டுபிடிக்க 1986இல் ரால்ஃப் ஷ்மிட் வெளியிட்ட 'மியூசிக்' (MUSIC) கணக்குமுறையே போதும். தோட்டத்தில் எது ஒழுங்காக இருக்கிறது? ஆண்டெனாவை ரிசீவரோடு இணைக்கும் ஆர்ஜி-58 கேபிள்களில் ஒன்று 1 செ.மீ. நீண்டாலே கட்டம் 9 டிகிரி நகரும். அடுத்தடுத்த கேபிள்கள் இப்படி நீண்டுகொண்டே போனால், எதிரே நிற்பவர் 3 டிகிரி தள்ளித் தெரிவார். ஒரு கிலோமீட்டரில் அது 50 மீட்டர்; ஏறக்குறைய ஆறு வரிசை மரம். லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் அலை இன்னும் தொல்லை. மூல அலையின் நகலாகவே வருவதால், மியூசிக்கால் இரண்டையும் பிரிக்க முடியாது.

எடுத்துக்காட்டுகளைப் பார்த்து நரம்பு வலையமைப்பு தானே கற்கும் ஆழ்கற்றல் கைகொடுப்பது இங்கேதான். ஒவ்வொரு ஆண்டெனாவிலும் எடுத்த 256 மாதிரிகளிலிருந்து, ஆண்டெனாக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் 4×4 உடன்மாறுபாட்டு அணியைக் (covariance matrix) கணக்கிட்டு, அதன் மேல்பாதியை மட்டும் 16 எண்களாக வலையமைப்புக்குக் கொடுக்கலாம். முதலில் மொத்தத் திறனால் வகுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது திசையை விட்டுச் சமிக்ஞையின் வலிமையைப் படித்துக்கொள்ளும். விடை −60 முதல் +60 வரை, டிகிரிக்கு ஒன்றாக 121 வெளியீடுகள். அதற்கு அப்பால் கோணம் மாறினாலும் கட்டம் அவ்வளவாக மாறாது, ஆசைப்பட்டுப் பயனில்லை.

பயிற்சித் தரவைக் கணினியிலேயே உருவாக்கலாம். ஆனால் வேண்டுமென்றே கெடுக்க வேண்டும்: ±20 டிகிரி கட்டப் பிழை, எதிரொலி, −10 முதல் 20 டெசிபெல் வரை சமிக்ஞை-இரைச்சல் விகிதம். சுத்தமான தரவில் மட்டும் படித்த வலையமைப்பு களத்தில் விழுந்துவிடும். பிறகு ஜிபிஎஸ்ஸில் குறித்த இடங்களிலிருந்து பேசவிட்டு, செம்பனை மட்டை நனைந்திருக்கும் மழை நாட்களிலும் பதிவுசெய்து மெருகேற்றலாம். ஒரே தடவை நடந்து எடுத்த பதிவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்துப் போட்டால் மதிப்பெண் பொய்யாக ஏறும்.

நிலையான பிழையைத்தான் வலையமைப்பு கற்கும். மலிவான ரிசீவர்கள் ஒவ்வொரு முறை அலைவரிசை மாற்றும்போதும் புதிய கட்டத்தில் தொடங்கும். அதற்கு மருந்து, ஒரே இரைச்சல் மூலத்தை நான்கிலும் செலுத்தி ஒவ்வொரு முறையும் அளவுதிருத்துவதே.

நேர்வரிசைக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுதான். சுற்றுமுற்றும் பார்க்க வேண்டுமானால் ஆண்டெனாக்களை வட்டமாக நிறுத்துங்கள். அப்போது 359 டிகிரியும் 1 டிகிரியும் அண்டை வீடு என்பது வலையமைப்புக்குப் புரிய, கோணத்துக்குப் பதில் அதன் சைன், கொசைன் இரண்டையும் விடையாகக் கேளுங்கள்.