'சைனிங் ஆஃப்' என்றால் விடைபெறுதல் அல்ல

பிரிட்டனின் ரெகே இசைக்குழுவான யூபி40-இன் முதல் ஆல்பமான 'சைனிங் ஆஃப்' பற்றித் தமிழில் எழுதும்போது, தலைப்பை 'விடைபெறுகிறோம்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். மறுபடி மறுபடி இதையே படித்து அலுத்துவிட்டது.

வானொலி அறிவிப்பாளர் நிகழ்ச்சியை முடித்துக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான், சரி. ஆனால் 1980 ஆகஸ்டில் பர்மிங்காம் இளைஞர்கள் வெளியிட்ட இந்தத் தட்டில் அது வேலையற்றவர்களின் சொல். அன்றைய பிரிட்டனில் வேலையில்லாதவர் குறித்த நாளில் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போய், இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அது 'சைனிங் ஆன்'. பிழைப்புக்கு வழி கிடைத்து, இனி அந்தப் பணம் வேண்டாம் என்று நின்றுகொள்வது 'சைனிங் ஆஃப்'. குழுவின் பெயரே அந்த அலுவலகம் கொடுத்த வருகை அட்டையின் பெயர்தான்: அன்எம்ப்ளாய்மென்ட் பெனிஃபிட், படிவம் 40. ஆல்பத்தின் உறையிலும் அந்த அட்டையையே பெரிதாக அச்சிட்டு, தலைப்பை அலுவலக முத்திரை மாதிரி குத்தியிருக்கிறார்கள். உறையை ஒருமுறை பார்த்திருந்தால்கூடப் போதும், இந்தத் தவறு வந்திருக்காது.

முதல் ஆல்பத்திலேயே ஒரு குழு யாரிடம் விடைபெறும்? அதோடு, விடைபெறுதல் என்பது விருந்தாளியும் மேடைப் பேச்சாளரும் சொல்லும் மரியாதைச் சொல். இந்த ஆல்பத்தில் அந்தப் பணிவே கிடையாது. 'மேடம் மெடூசா' பாட்டு அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரைச் சாடுகிறது. 'டைலர்', அமெரிக்காவின் லூசியானாவில் சிறையில் கிடந்த கறுப்பின இளைஞர் கேரி டைலருக்காகப் பாடியது. இத்தனை கோபத்துக்கும் மேலே கைகூப்பும் தலைப்பை வைப்பது பெரிய அநியாயம்.

'பதிவு நீக்கம்' என்று போடுவோரும் உண்டு. தனித்தமிழ் என்பதால் மட்டும் அது சரியாகிவிடாது. நீக்குவது அலுவலகம், நீக்கப்படுபவர் பாவப்பட்ட மனிதர் என்று பொருள் தலைகீழாகிறது. மோசடி செய்து பிடிபட்டவர் போலவும் ஒலிக்கிறது. இங்கே அட்டையைத் திருப்பிக் கொடுப்பவர் வேலையற்றவரேதான்; அந்தத் தலைநிமிர்வு போய்விட்டால் தலைப்பில் மிச்சம் ஒன்றுமில்லை.

இதற்குப் புதிதாகச் சொல் செய்யவே வேண்டாம். நிபந்தனை ஜாமீனில் வந்தவரைப் பற்றி 'ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறார்' என்கிறோம். கட்டாயமாகப் போய் ஆஜராவது, அதிகாரி முன்னால் நிற்பது எல்லாம் அந்தக் 'கையெழுத்து' என்ற ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. 'கையொப்பம்' என்று உயர்த்தினால் ஒப்பந்தம், உடன்படிக்கை பக்கம் போய்விடும். ஆகவே 'சைனிங் ஆன்' என்பதற்குக் 'கையெழுத்துப் போடுதல்'. ஆல்பத்தின் தலைப்புக்கு 'இனி கையெழுத்து இல்லை'. என் தேர்வு இதுதான்.

அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளை எடுத்து ஒட்டும் வழக்கம் இந்தத் தலைப்போடு நிற்கவில்லை. இதே குழு 1981-இல் பாடிய 'ஒன் இன் டென்' பாட்டைப் 'பத்தில் ஒன்று' என்கிறார்கள். வேலையின்மைக் கணக்கில் வெறும் எண்ணாகிப் போன மனிதன் 'நான்' என்று தன்னைச் சொல்லிப் பாடும் பாட்டு அது. மனிதனை அஃறிணையாக்காமல் 'பத்தில் ஒருவன்' என்று எழுதுங்கள்.